விதி மட்டும் தெரிந்தால் போதுமா?

முன்குறிப்பு: நான் பி.காம். மாணவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இதில் தப்பு கண்டுபிடித்தால் திட்டாமல் திருத்துங்கள். காமர்ஸ் நண்பர்கள் பாதியில் ஓடிவிடாதீர்கள். கட்டுரையில் பாதி நம்ம பற்று, வரவுதான்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்கள் யாரும் அந்த மூன்று பொன் விதிகளை மறந்திருக்க மாட்டார்கள். ஆள்சார் கணக்கா? பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. சொத்துக் கணக்கா? உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. பெயரளவுக் கணக்கா? செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. ஏன் அப்படி என்று கேட்டால், "விதி அப்படித்தான், எழுது" என்பார்கள்.

அதே புத்தகத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கணக்கியல் சமன்பாடு. சொத்துகள் = பொறுப்புகள் + முதல். கடையை ஒரு தராசாக நினைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு வாங்கினால் எந்தத் தட்டில் என்ன ஏறும், எது இறங்கும் என்று பார்த்து எழுத வேண்டும். அங்கே மனப்பாடம் இல்லை, படம்தான் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் இதை வைத்து இரண்டு கட்சி உண்டு. விதிக் கட்சி, சமன்பாட்டுக் கட்சி. "ரெண்டுலயும் ஒரே விடைதான் வருது, எது சீக்கிரம் வருதோ அதைப் போடு" என்பது விதிக் கட்சியின் வாதம். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன், இரண்டாம் ஆண்டு விடுமுறை வரைக்கும்.

அந்த விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதிவு வேலைக்குப் போனேன். ஒரு அரிசி ஆலையின் வவுச்சர்கள். இயந்திரத்தைப் பழுது பார்த்த செலவு ஒன்று வந்தது. "இயந்திரம் உள்ளே, பணம் வெளியே" என்று மனசுக்குள் விதியைச் சொல்லிக்கொண்டே இயந்திரக் கணக்கில் பற்று வைத்தேன். மாலையில் இருப்பாய்வு எடுத்தால் பைசா பிசகாமல் டேலி ஆனது. பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். அங்கிருந்த சீனியர் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ரிப்பேர் பண்ணினா மெஷின் ரெண்டாயிடுமா?"

இந்த வகைப் பிழைக்குப் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கும் பெயர் விதிப்பிழை. விதியைச் சொல்லிக்கொண்டே விதிப்பிழை செய்தவன் நான். இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது. ஆலையைக் கண்ணால் நினைத்துப் பார்த்திருந்தால் அடுத்த நொடியே தெரிந்திருக்கும்.

இதை வீட்டில் சொன்னபோது, என்ஜினீயரிங் படிக்கும் அத்தை மகன், "இதே சண்டை எங்க பாடத்துலயும் இருக்குடா. ஐம்பது வருஷமா நடக்குது" என்றான். புரோகிராம் சரியானதுதான் என்று கணித முறையில் நிரூபிப்பது எப்படி என்ற துறையில் இரண்டு வழிகள் உண்டாம். ஒன்று அடிக்கோள் வழி. அடிக்கோள் என்றால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு ஆரம்பிக்கும் அடிப்படை விதி. இன்னொன்று மாதிரி வழி. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரிந்த வரைக்கும் இங்கே எழுதுகிறேன். கடைசியில் என் கட்சி எது என்றும் சொல்கிறேன்.

*

முதலில் அடிக்கோள் வழி. 1967-ல் ராபர்ட் ஃபிளாய்டு என்ற அமெரிக்கர், புரோகிராமின் பாய்வுப்படத்தில் ஒவ்வொரு இடத்திலும் "இந்த இடத்துக்கு வரும்போது இது உண்மையாக இருக்கும்" என்று ஒரு வாசகத்தை எழுதி, அதை வைத்தே புரோகிராமைச் சரிபார்க்கலாம் என்று காட்டினார். 1969-ல் இங்கிலாந்தின் டோனி ஹோர் அதை விதிகளாகவே மாற்றிவிட்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு முன்நிபந்தனை, ஒரு பின்விளைவு. "முன்நிபந்தனை உண்மையாக இருந்து, கட்டளை ஓடி முடிந்தால், பின்விளைவு உண்மையாக இருக்கும்." அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்ற பேச்சே இதில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கட்டளை இது:

பணம் := பணம் + 100

இருக்கிற பணத்தோடு நூறைக் கூட்டி, அதையே புதிய பணமாக வை என்று அர்த்தம். இதற்கு ஹோர் தரும் அடிக்கோள் பின்னாலிருந்து முன்னால் போகிறது. கட்டளைக்குப் பின் என்ன வேண்டும் என்று முதலில் எழுது. அதில் "பணம்" என்று வரும் இடத்திலெல்லாம் "பணம் + 100" என்று போடு. கிடைப்பதுதான் முன்நிபந்தனை. பின்னால் பணம் = 500 ஆக வேண்டுமா? அப்படியானால் முன்னால் பணம் + 100 = 500, அதாவது பணம் = 400. சரிதானே?

அடுத்து மாதிரி வழி. அதே ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும், அங்கே வந்து சேர்ந்த டானா ஸ்காட்டும் வேறு மாதிரி யோசித்தார்கள். புரோகிராம் என்பது உண்மையில் என்ன பொருள் என்று முதலில் சொல்லிவிடுவோம் என்றார்கள். கம்ப்யூட்டரின் நினைவகத்தை ஒரு நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பாஷையில் ஓர் இருப்புநிலைக் குறிப்பு. எந்தப் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல். ஒவ்வொரு கட்டளையும் ஒரு நிலையை இன்னொரு நிலையாக மாற்றும் கணிதச் சார்பு. முழு புரோகிராமும் அப்படிப்பட்ட சார்புகளின் கோவை. இதில் விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், பொருளிலிருந்தே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

பொன் விதி, கணக்கியல் சமன்பாடு என்ற நம் சண்டைதான் இது, இல்லையா?

*

மேலே ஹோரின் விதி ஏன் தலைகீழாகப் பின்னாலிருந்து முன்னால் போகிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. நேராகவே ஒரு விதி எழுதலாமே? "கட்டளை முடிந்ததும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம்." பார்க்க எவ்வளவு எளிமை! "பணம் := 500" என்ற கட்டளைக்குப் பிறகு பணம் = 500. அருமை.

இப்போது அதே விதியை நம் பழைய கட்டளைக்குப் போடுங்கள். "பணம் := பணம் + 100" முடிந்ததும், பணம் = பணம் + 100. இரண்டு பக்கமும் பணத்தைக் கழித்தால் 0 = 100. பூஜ்யமும் நூறும் சமம் என்றால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். நான் கோடீஸ்வரன் என்றும் நிரூபிக்கலாம் :-)

பார்வைக்கு மிக நியாயமாகத் தெரிந்த விதி, வீட்டையே கொளுத்திவிட்டது. விதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. நினைவகத்தில் பழைய பணம், புதிய பணம் என்று இரண்டு மதிப்புகள் உண்டு, அவை இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்ற படம் மனசில் வந்தால்தான் எங்கே ஏமாந்தோம் என்று புரிகிறது. அந்தப் படம்தான் மாதிரி.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பெரிய தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச், 1932-ல் கணிதம் முழுவதற்குமான ஓர் அடிக்கோள் தொகுதியை வெளியிட்டார். 1935-ல் அவரிடமே படித்த கிளீனி, ராஸர் இருவரும் அதில் முரண் இருப்பதை நிரூபித்துவிட்டார்கள். அதிலிருந்து சர்ச் பிரித்தெடுத்துக் காப்பாற்றிய பகுதிதான் லாம்டா கால்குலஸ். அதன் விதிகளுக்குள் முரண் இல்லை என்பது 1936-லேயே தெரிந்தது. ஆனால் அந்த விதிகள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதற்கு ஒரு சரியான கணித மாதிரி கிடைக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர் மேலே சொன்ன டானா ஸ்காட். அதே ஆண்டில், அதற்குச் சற்று முன்பு வரை, அப்படி ஒரு மாதிரி கிடையாது என்று வாதாடிக்கொண்டிருந்தவரும் அவரேதான்!

*

சரி, அப்படியானால் விதிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? இங்கேதான் எங்கள் ஊர் வருகிறது.

என் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். தாத்தாவும் அதே தொழில். தாத்தா காலத்துப் பரிசலில் மூங்கில் பின்னலின் மேல் தோல் போர்த்தியிருப்பார்கள். பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. பொருள் மாறியதே தவிர விதிகள் மாறவில்லை. எடையை வட்டமாகப் பரப்பி உட்கார வை. நடு ஆற்றில் எவனும் எழுந்து நிற்கக் கூடாது. போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. அப்பாவுக்கு ஆர்க்கிமிடீஸ் யாரென்று தெரியாது. மிதப்பு மையம் பற்றி அவர் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. ஆனால் ஐந்தருவிப் பக்கம் நீர் இழுக்கும்போது சமன்பாடு போட்டுக்கொண்டிருக்க முடியாது, கையில் விதிதான் இருக்க வேண்டும்.

விதிகளின் பெருமை இதுதான். ஒரே விதி, பல மாதிரிகளுக்குப் பொருந்தும். ஹோர் இதை 1969 கட்டுரையிலேயே அழகாகச் சொல்கிறார். கம்ப்யூட்டரால் எவ்வளவு பெரிய எண்ணையும் வைத்துக்கொள்ள முடியாது. எல்லை தாண்டினால் என்ன ஆகும்? ஓர் இயந்திரம் வேலையை நிறுத்திவிடும். இன்னொன்று பெரிய எண்ணோடு அப்படியே நின்றுவிடும். மூன்றாவது, கடிகாரம் பன்னிரண்டுக்குப் பின் ஒன்றுக்கு வருவதுபோல் சுற்றி வந்துவிடும். கூட்டல் பற்றிய பொதுவான அடிக்கோள்கள் இந்த மூன்றுக்கும் பொருந்தும். பொதுவான விதிகளை மட்டும் நம்பி எழுதிய நிரூபணம் மூன்று இயந்திரத்திலும் செல்லும். ஒரே ஒரு மாதிரியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருந்தால் இயந்திரம் மாறும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, மாதிரி என்பது பூதாகரமானது. வெறும் பத்து மாறிகள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நிலைகள் ஒன்றுக்குப் பின்னால் இருபது பூஜ்யம். எல்லாவற்றையும் நேரில் பார்த்து முடிக்க ஆயுள் போதாது. விதி இருந்தால் நாலு வரியில் முடிகிறது.

ஆகவே விதிக் கட்சிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக உலக வணிகம் முழுக்க அவர்கள் வழியில்தான் ஓடுகிறது. இரட்டைப் பதிவு முறையை லூகா பசியோலி வெனிஸில் அச்சிட்டது 1494-ல்.

*

அப்படியானால் சண்டை எங்கே? எனக்கு இந்த விஷயத்தைத் தெளிய வைத்தது நம் தமிழ்நாட்டுத் தொடர்புள்ள ஒரு சம்பவம்.

மணி சாண்டி என்பவர் 1965-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்து அமெரிக்கா போனவர். அவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜயதேவ் மிஸ்ராவும் சேர்ந்து 1988-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் புரோகிராம்களை எப்படி வடிவமைப்பது, எப்படி நிரூபிப்பது என்பதற்கான முறை அதில் இருந்தது. அந்த முறைக்கு யூனிட்டி என்று பெயர். ஹோரின் அடிக்கோள் வழியில் வந்தது. மிக எளிமையானது, உலகம் முழுக்கப் பாராட்டினார்கள்.

அந்த முறையில் ஓர் அடிக்கோள் உண்டு. தமிழில் "பதிலீட்டு அடிக்கோள்" என்று சொல்லலாம். ஒரு புரோகிராமில் ஏதோ ஒன்று எப்போதுமே உண்மை என்று நிரூபித்துவிட்டால், மற்ற நிரூபணங்களில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தி, சமமானதைச் சமமானதன் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இதில் என்ன தப்பு இருக்க முடியும்? எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் நாம் செய்வதுதானே?

ஒரு சின்ன புரோகிராம் எடுத்துக்கொள்வோம் (இது என் சொந்தச் சரக்கு, புத்தகத்தில் உள்ளதில்லை). ஒரு பெட்டியில் ஓர் எண். ஆரம்பத்தில் 0. புரோகிராமில் ஒரே கட்டளை: "எண் 5-ஆக இருந்தால் அதை 6 ஆக்கு, இல்லையென்றால் சும்மா இரு." ஆரம்பமே 0 என்பதால் கட்டளை ஒருபோதும் எதையும் மாற்றாது. ஆக "எண் = 0" என்பது எப்போதும் உண்மை.

இப்போது கேள்வி. "எண் 5-ஆக இருந்தால், அது 5-ஆகவே நிலைத்து நிற்கும்." இந்தக் கூற்று சரியா?

யூனிட்டியின் வரையறைப்படி கட்டளையை எடுத்துப் பார்க்க வேண்டும். 5-இல் ஆரம்பித்தால் கட்டளை அதை 6 ஆக்கிவிடுகிறது. ஆக, கூற்று தவறு.

பதிலீட்டு அடிக்கோளின்படி, எண் எப்போதும் 0 என்பதால் "எண்" இருக்கும் இடத்தில் 0 போடலாம். "0 என்பது 5-ஆக இருந்தால்…" அது நடக்கவே நடக்காத விஷயம். நடக்காத விஷயத்தைப் பற்றி என்ன சொன்னாலும் பொய்யாகாது. ஆக, கூற்று சரி!

ஒரே கேள்விக்கு ஒரே முறையில் ஆம், இல்லை என்று இரண்டு விடைகள். முரண்.

இதை எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வந்தபோது துறையில் ஒரு பரிசல்கூட இறங்கவில்லை. இப்போது ஒரு சுற்றுலாக்காரர் கேட்கிறார்: "வெள்ளத்துல போனா பரிசல் கவிழுமா?" அப்பா சொல்வார், "கவிழும் சார்." நான் குறுக்கே புகுந்து, "வெள்ளத்துல பரிசலே விடமாட்டாங்களே, அப்புறம் எங்க கவிழறது?" என்பேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அப்பா எல்லா நிலைகளையும் பார்க்கிறார், வராத நிலையையும் சேர்த்து. நான் நடக்கக்கூடிய நிலைகளை மட்டும் பார்க்கிறேன். இரண்டில் எதைப் பேசுகிறோம் என்று சொல்லாமல் கலந்து கட்டினால்தான் வம்பு.

யூனிட்டியில் நடந்தது அதேதான். வரையறை அப்பா மாதிரி பேசியது, அடிக்கோள் என்னை மாதிரி பேசியது. 1991-ல் பெவர்லி சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் இதை எடுத்துக்காட்டி, புரோகிராம் உண்மையில் போய்ச் சேரக்கூடிய நிலைகளை மட்டும் கணக்கில் கொண்டு வரையறைகளையே திருத்தி எழுதினார். அதன் பிறகு பதிலீட்டு அடிக்கோள் தனியாகத் தேவையே இல்லாமல் போனது. எந்த நிலைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்ற மாதிரியைத் தெளிவாக்கியதுமே பிரச்சினை தீர்ந்துவிட்டது. இதனால் சாண்டிக்கோ மிஸ்ராவுக்கோ ஒரு குறையும் இல்லை, யூனிட்டியின் புகழும் குறையவில்லை. அவ்வளவு பெரிய மூளைகளுக்கே வெறும் விதியின் நியாயத் தோற்றம் போதவில்லை என்பதுதான் எனக்குப் பாடம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இன்னொருவர், நடராஜன் சங்கர். கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் பி.வி.எஸ். என்ற நிரூபணக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தக் கருவியில் யார் வேண்டுமானாலும் தங்கள் அடிக்கோள்களை எழுதிச் சேர்க்கலாம். நாம் மேலே பார்த்த 0 = 100 மாதிரி ஒன்று தெரியாமல் நுழைந்துவிட்டால்? 2001-ல் சாம் ஓவ்ரேயும் சங்கரும் அதற்கு ஒரு வழி சேர்த்தார்கள். உங்கள் அடிக்கோள்களில் உள்ள பெயர்களுக்கு ஒரு திட்டமான பொருளைக் கொடுத்துக் காட்டுங்கள். அந்தப் பொருளில் எல்லா அடிக்கோளும் உண்மையாகிறதா என்று நிரூபிக்கச் சொல்லிக் கருவி கேட்கும். நிரூபித்துவிட்டால் உங்கள் அடிக்கோள்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது, முரண் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. விதி எழுதத் தடை இல்லை, ஆனால் ஒரு மாதிரியைக் காட்டினால்தான் அந்த விதிக்கு மரியாதை.

*

"இதெல்லாம் பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்கு?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி.

நாம் படித்து முடித்து உட்காரப்போகும் எல்லா மேஜையிலும் ஒரு கணக்கு மென்பொருள் இருக்கும். அது சொல்வதில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் நாம். பிரிட்டனின் அஞ்சல் துறை நிறுவனம் 1999-ல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை அஞ்சலகங்களில் கொண்டுவந்தது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். பலர் வீட்டை விற்றுப் பணம் கட்டினார்கள். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் கர்ப்பிணியாகவே 2010-ல் சிறைக்குப் போனார். மென்பொருளில்தான் பிழைகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019-ல். பெருவாரியான தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அதில் ஒரு பிழை இப்படி. 2015-ல் ஒரு கிளைக்கு 8,000 பவுண்டு வந்ததைப் பதிவு செய்யும்போது திரை நகரவில்லை. ஊழியர் மறுபடி மறுபடி என்டர் தட்டினார். நான்கு முறை 8,000 வந்ததாகப் பதிவாகி, கையில் 24,000 பவுண்டு குறைவதாகக் காட்டியது. "உள்ளே வருவதைப் பற்று வை" என்ற விதி நாலு தடவையும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. உள்ளே வந்தது ஒரு தடவைதான். என் அரிசி ஆலை இயந்திரம் நினைவுக்கு வருகிறதா?

அந்த ஆண்டுகளில் அங்கே நீதிமன்றங்கள் கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கும் என்று அனுமானித்துக்கொண்டன. தப்பு என்றால் எதிர்த்தரப்புதான் காட்ட வேண்டும். கிராமத்து அஞ்சலகம் நடத்துகிறவர் எதைக் காட்டுவார்? விதியும் அவர் கையில் இல்லை, மாதிரியும் அவர் கையில் இல்லை.

*

என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்றாட வேலைக்கு விதி வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விதியை நம்புவதற்குக் காரணம் விதிக்குள்ளேயே இருக்காது. ஒரு மாதிரியைக் காட்டித்தான் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். விதி கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், ஆசிரியரோ, மென்பொருள் கம்பெனியோ, பெரிய கணித மேதையோ, "இந்த விதி எதைப் பற்றிப் பேசுகிறது" என்று ஒரு முறையாவது காட்டக் கடமைப்பட்டவர். ஒரு முறை காட்டினால் போதும். அதன் பிறகு ஆயுசுக்கும் விதியை வைத்துக்கொண்டே வேலை செய்யலாம்.

மாதிரியே முடிவு என்றும் சொல்லமாட்டேன். மாதிரியும் நாம் கற்பனை செய்ததுதான். இருப்புநிலைக் குறிப்பு வேறு, கல்லாப்பெட்டி வேறு. ஆடிட்டர் கடைசியில் கல்லாவைத் திறந்து எண்ணத்தான் வேண்டும். இந்த இரண்டு வழிகளும் கடைசியில் சேர வேண்டியவைதான். ஹோரே அந்த முடிவுக்கு வந்தார். 1998-ல் ஹ ஜிஃபெங் என்ற சீன அறிஞரோடு சேர்ந்து, இந்த வழிகளையெல்லாம் ஒன்றாகக் கோக்கும் ஒரு புத்தகமே எழுதினார்.

பாடம் நடத்தும் வரிசை பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். பொன் விதிகளை முதலில் ஊட்டிவிட்டு, சமன்பாட்டை ஐந்து மதிப்பெண் கேள்வியாக ஒதுக்காதீர்கள். தராசை முதலில் காட்டுங்கள். விதி தானாக வரும்.

எங்கள் ஊரில் புதிதாகப் பரிசல் பழக வரும் பையன்களுக்கு முதல் நாளே துடுப்பைக் கொடுக்கமாட்டார்கள். அப்பா அவர்களை முழங்கால் அளவு தண்ணீரில் பரிசலில் ஏற்றி, "எழுந்து நில்லுடா" என்பார். நிற்பான். பரிசல் கவிழும். நனைந்து எழுந்து வருவான். அதற்கப்புறம்தான், "பரிசல்ல எவனும் நிக்கக் கூடாது" என்று விதியைச் சொல்வார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "சும்மா சொன்னா, நாலு நாள்ல மறந்துருவான்" என்றார்.

பி.கு: விதிக் கட்சி நண்பர்கள் மறுப்பு எழுதலாம், வரவேற்கிறேன். ஆனால் "பரீட்சைக்கு இது வராது" என்பது மறுப்பு ஆகாது :-)